எந்த வருஷம்?

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவரிடம் யாரும் முதலில் மைலேஜ் கேட்பதில்லை. "எந்த வருஷம்?" என்றுதான் கேட்பார்கள். எண்பத்தாறு என்றால் கேட்டவர் குனிந்து எஞ்சினைப் பார்ப்பார். தொண்ணூற்றைந்து என்றால் "ஓ" என்று சொல்லிவிட்டு டீயைத் தொடர்வார். எங்கள் வீட்டு வண்டி 1992. அதற்கு ஒரு தலையாட்டல் கிடைக்கும், அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் ஜப்பானியக் கம்பெனிகள் இந்தியக் கூட்டாளிகளோடு நூறு சிசி வண்டிகளை இறக்கின. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, பிறகு ஹீரோ ஹோண்டா, கவாசாகி பஜாஜ். 1985ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு சேர்ந்து ஆர்எக்ஸ் 100ஐக் கொண்டுவந்தது. 98 சிசி, நாலு கியர், பதினோரு குதிரைசக்தி, ஏறத்தாழ நூறு கிலோ எடை. ஹீரோ ஹோண்டாவின் ஃபோர் ஸ்ட்ரோக்கோடு ஒப்பிட்டால் மைலேஜ் பாதிதான். ஆனால் கிளம்பும் வேகத்தில் அதன் பக்கத்தில் எதுவும் நிற்கவில்லை. 1996ல் புகை விதிகள் இறுகியபோது உற்பத்தி நின்றது. மொத்தம் பத்துப் பதினோரு வருஷம். அதற்குள்தான் இத்தனை சாதிப் பிரிவினை.

முதலில் வந்த வண்டிகள் பாகங்களாக ஜப்பானிலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டவை. அதனால் எண்பத்தைந்து, எண்பத்தாறு எல்லாம் "ஜப்பான் வண்டி". கார்புரேட்டரில் மிகுனி ஜப்பான் என்று எழுத்து இருக்கிறதா, சுவிட்ச் எந்த ஊர், கிராங்க் எந்த ஊர் என்று டார்ச் அடித்துப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கடுத்து வந்தவை இங்கேயே செய்த பாகங்கள் கூடக்கூட ஒவ்வொரு படியாக இறங்கும். கடைசி வருஷத்து வண்டிக்குத் தனியாக ஒரு கூட்டம் உண்டு, "லாஸ்ட் மாடல்" என்று. நடுவில் பிறந்ததற்குத்தான் நாதியில்லை.

இதே எஸ்கார்ட்ஸ் விற்ற ராஜ்தூத் 350ல் இந்த வருஷக் கணக்குக்கு நியாயம் இருக்கிறது. 1983ல் வந்தது ஹை டார்க். மைலேஜ் போதவில்லை என்று பிறகு சக்தியைக் குறைத்து லோ டார்க் ஆக்கினார்கள். இரண்டும் வேறு எஞ்சின் மாதிரிதான். ஹை டார்க் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் என்ன கேட்கிறார் என்று அவருக்கே தெரியும். ஆர்எக்ஸில் அப்படி ஒரு தெளிவான கோடு இல்லை. மென்பொருள் எழுதுகிறவன் கண்ணுக்கு, ஒரே புரோகிராமின் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான் தெரிகின்றன.

எங்கள் மெக்கானிக் பாயிடம் இதைக் கேட்டேன். முப்பது வருஷமாக டூ ஸ்ட்ரோக் பிரிக்கிறவர். சிரித்தார்.

"வருஷத்த கேக்குறாங்க தம்பி. போர் என்ன சைஸுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்."

ஆர்எக்ஸ் 100இன் போர் ஐம்பது மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் ஐம்பது. பிஸ்டன் தேய்ந்தால் சிலிண்டரைக் கால் மில்லி கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். அடுத்து அரை, முக்கால், ஒன்று. அதோடு முடிந்தது, பிறகு ஸ்லீவ் அடிக்க வேண்டும், இல்லை வேறு பிளாக் தேட வேண்டும். ஜப்பான் வண்டி என்று எல்லோரும் முறுக்கியதால் அந்த வருஷ பிளாக்குகள்தான் முதலில் தீர்ந்தன. ஆயில் பம்பைக் கழற்றிப்போட்டு, பெட்ரோலில் கண்மட்டத்துக்கு ஆயில் ஊற்றி ஓட்டினவர்கள் எத்தனையோ பேர். எண்பத்தாறில் பிறந்தது என்பதற்காக இரும்பு தேயாமல் இருக்குமா?

காரைக்காலில் இன்னொரு கணக்கும் உண்டு. உப்புக்காற்று. வெயிலில் பளபளக்கும் டேங்க்குக்குக் கீழே, பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் சேசிஸைத் தடவினால் கையோடு துரு வரும். 2004 டிசம்பருக்குப் பிறகு கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி பக்கத்திலிருந்து எஞ்சினுக்குள் கடல் சேறோடு வண்டிகள் வந்ததாக பாய் சொல்வார். பாதியைப் பிரிக்கவே முடியவில்லையாம். எந்த வருஷ வண்டி என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சிலவற்றைக் கேட்டு வர வீட்டில் ஆளும் இல்லை.

போன வருஷம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். திருநள்ளாறில் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பிஒய் 02 நம்பரோடு வண்டி நிற்பதைப் பார்த்து நிறுத்தினார். மரியாதையான மனுஷன். அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, வண்டி வாரம் ஒருமுறை என் கையால் ஸ்டார்ட் ஆவதோடு சரி. அவர் சொன்ன விலை எங்கள் வீட்டில் யாரையும் ஒரு நிமிஷம் பேச விடவில்லை. அப்பாவின் முழங்கால் ஆபரேஷனில் பெரும்பகுதி அதில் முடிந்துவிடும்.

பிறகுதான் விஷயம் வந்தது. அவரிடம் எண்பத்தாறு வண்டி ஒன்று இருக்கிறது, அச்சு அசல். ஆர்சி புத்தகம் இல்லை. எங்களுடையதில் காகிதம் எல்லாம் சுத்தம். பதினைந்து வருஷம் முடிந்ததும் புதுப்பித்து, பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விடாமல் எஃப்சி காட்டியது. 2022ல் கட்டணம் முந்நூறிலிருந்து ஆயிரமானபோதும் அப்பா முனகிக்கொண்டே கட்டத் தயாராக இருந்தார்.

"புக்கும் சேசிஸும் போதும் ஐயா. எஞ்சின், டேங்க்கெல்லாம் நீங்களே ஞாபகத்துக்கு வச்சுக்குங்க" என்றார் அவர்.

எஞ்சின் நம்பர் பொருந்தாதே என்றேன். அதற்கு ஆள் இருக்கிறது என்றார். நம்பரைத் தேய்த்து வேறு குத்துவது குற்றம் என்று அவருக்கும் தெரியும்.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆபரேஷனுக்குப் பணம் பாங்கில் கடன் வாங்கத்தான் வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு கேட்டார்:

"அந்த வண்டிய ரோட்டுல ஒருத்தன் நிறுத்தி எந்த வருஷம்னு கேட்டா, என்னன்னு சொல்லுவீங்க தம்பி?"

அவர் சிரித்தார். "எண்பத்தாறுன்னுதான்யா."

"அப்ப எந்தது எங்க போச்சு?"

கோயம்புத்தூர்க்காரர் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். பாங்குக் கடனுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். ஜூலையில் ஆபரேஷன் முடிந்தது.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021லிருந்து விதி இருக்கிறது. எண்பத்தைந்து வண்டிகள் 2035ல் அந்த வாசலைத் தொடும், எங்களுடையது 2042ல். பாயிடம் சொன்னேன். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார். இப்போது உள்ளே இருப்பது முக்கால் சைஸ் பிஸ்டன்.

"இன்னும் ஒரு போர் இருக்கு தம்பி," என்றார். "பாத்து ஓட்டுங்க."