சிலிகா ஏரிக்கரையில் ஓர் ஐப்பசி வாரம்

கொல்கத்தாவிலும் கரக்பூரிலும் கட்டக்கிலும் குடியிருக்கும் நம்மவர்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் சிலிகா ஏரியின் கரையோரமாகவே போகின்றனர். ஆயினும் அதனைக் கண்ணாரக் கண்டவர் மிகச் சிலரே. ஷாலிமாரில் பிற்பகலில் புறப்படும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்பகுதிக்கு வரும்போது இரவு நன்கு முற்றிவிடும். கட்டுச்சோற்றை உண்டு, குழந்தைகளுக்குப் போர்வை போர்த்தி, விளக்கையும் அணைத்துவிட்ட பிறகு சன்னலுக்கு வெளியே யார் பார்க்கப் போகிறார்கள்? தெற்கு நோக்கிச் செல்லும் வண்டிக்கு இடப்புறத்தில் ஏரி. வலப்புறத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் அடுத்தடுத்துச் செல்கின்றன. இந்நிலத்தில் பாலுகாவ் என்னும் ஊரை அடுத்துள்ள ரயில்வே குடியிருப்பில் நான் ஆறாண்டுகளாக வசித்து வருகிறேன். இங்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஐப்பசி பிறந்த முதல் வாரத்தில் பெய்த மழையைப் பற்றி எழுதவே இப்பொழுது பேனாவை எடுத்தேன்.

இடத்தைப் பற்றிச் சில சொற்கள் முதலில் கூற வேண்டும். விஜயவாடாவிலிருந்து கட்டக் வரையிலான இப்பாதை 1893 முதல் 1896 வரை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. 1902இல் இதன் வடபகுதி வங்காள நாகபுரி ரயில்வேயிடம் வந்தது. 2003 முதல் இது புவனேசுவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கடற்கரை ரயில்வேயைச் சேர்ந்தது. ஏரியோ பாதையைக் காட்டிலும் பன்மடங்கு தொன்மையானது. பூரி, கோர்தா, கஞ்சம் என்னும் மூன்று மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. கோடையில் 900 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. மகாநதியின் கிளைகளான தயாவும் பார்கவியும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது நீர் இனிக்கும். வெள்ளம் வடிந்து கடல்நீர் ஏறும்போது உவர்க்கும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தமையால் உவர்ப்புக் குறைந்து மீன்வளமும் குன்றியிருந்தது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய வாய் ஒன்றை வெட்டித் திறந்தபின் மீண்டும் பெருகியது. இக்கரையில் மீனும் இறாலும் நண்டும் இன்றி ஒருவருக்கும் பிழைப்பில்லை. என் பார்சல் அலுவலகத்துத் தரை உலர்ந்திருந்து நான் பார்த்ததே இல்லை. பனிக்கட்டி உருகிய நீர் எந்நேரமும் கூடைகளின் அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐப்பசி முதல் நாளை நாம் துலா ஸ்நானத்தின் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். காவிரிக்கரையில் பிறந்தவர்கள் அதனை மறக்க மாட்டார்கள். ஒடியா மக்களுக்கும் அதே நாள் ஒரு திருநாள். அதனைக் கர்பணா சங்கிராந்தி என்கிறார்கள். வயலில் நெற்பயிர் சூல் கொண்ட நாளாக அது போற்றப்படுகிறது. கருவுற்ற மகளுக்குச் செய்வதுபோலப் பயிருக்கு வழிபாடு செய்கின்றனர். எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் பாயிண்ட்ஸ்மேன் அன்று விடியற்காலையில் நீராடிவிட்டுத் தம் வயலுக்குப் புறப்பட்டார். அவர் என்னினும் பதினைந்து ஆண்டு மூத்தவர். நான் அவரைப் பாயினா, அதாவது அண்ணா, என்றே அழைப்பேன். என் குழந்தைகளுக்கு அவர் மௌசா. அவருக்கோ நான் வெறும் ‘பாபு’தான், எழுதுகோல் பிடிப்பவன் எவனும் அவருக்குப் பாபுதான். அவருடைய இரண்டு ஏக்கர் நிலம் ஊருக்கு வெளியே குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. நாற்று நட்ட நாள்முதல் அவர் பேச்சில் பாதி அந்நிலத்தைப் பற்றியதே.

அன்று வானம் தெளிவாகவே இருந்தது. ஏரியோரத்து நாணல் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. தென்மேற்குப் பருவமழை ஒடிசாவைவிட்டு நீங்குவது பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான். ஆகவே மழை விடைபெற்றுவிட்டதென்றே அனைவரும் எண்ணியிருந்தோம். மறுநாள் பிற்பகலில் கிழக்கே ஒரு சாம்பல் நிறம் எழுந்தது. வங்கக் கடலின் நடுவே காற்றழுத்தத் தாழ்வு ஏற்பட்டிருப்பதாக வானிலைச் செய்தி கூறிற்று. அன்றிரவே தூறல் தொடங்கியது.

அம்மழை நம்மூர் ஐப்பசி அடைமழையைப்போல் நின்று பொழியவில்லை. கால் மணி நேரம் பெய்யும், ஓயும், குன்றுகளின்மேல் மேகம் புகைபோல் தவழும், அடுத்த வண்டி வருவதற்குள் மீண்டும் ஒரு சாரல் ஏரியைக் கடந்து வந்து பிளாட்பாரத்தை நனைத்துவிட்டுப் போகும். ஏரியின்மேல் மழை நடந்துவருவதைக் கரையிலிருந்தே காணலாம். முதலில் காளிஜாய் கோயில் இருக்கும் தீவு மறையும். பிறகு படகுகள் மறையும். அதன்பின் நம் தலைமேல் துளி விழும். முந்தைய நாள் வரை 30 டிகிரியைத் தாண்டி வியர்வையில் குளிப்பாட்டிய வெயில் இருந்த இடம் தெரியவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பெட்டியிலிருந்து போர்வையை எடுத்தோம். கடைத்தெருவில் உளுந்து ‘பரா’வும் பட்டாணிக் குக்னியும் சுடச்சுட விற்றன. பரா என்பது நம் வடையின் தம்பி. மிளகும் கறிவேப்பிலையும் இல்லாமற் போனதே அதன் குறை என்பது என் மனைவியின் தீர்ப்பு.

இவ்வளவு இன்பமான குளிர்ச்சியைக் கண்டு மகிழ்ந்தவன் குடியிருப்பிலேயே நான் ஒருவன்தான் போலும். பாயினாவின் முகத்தில் களையில்லை. “இராத்திரி முழுதும் பெய்யட்டும், பாபு, எனக்குக் கவலையில்லை. காலையில் ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் நடுவில் பெய்யாமல் இருக்க வேண்டும்” என்றார். நான் விழித்தேன். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தும், நெல்லுக்குப் பூவுண்டு என்பதை நான் அறிவேனே தவிர அது எந்நேரத்தில் மலரும் என்பதை அறியேன். முற்பகலில்தான் நெற்பூ வாய் திறக்கிறது. சிறிது நேரம் திறந்திருந்து மூடிக்கொள்கிறது. அவ்வேளையில் மழை அடித்தால் மகரந்தம் கரைந்து போகும். மணி பிடிக்காமல் பதராகும். அதன்மேல் காற்றும் சேர்ந்தால் தாள் சாய்ந்து கதிர் சேற்றில் கிடக்கும். அன்று முதல் நான் பார்சல் கணக்கை எழுதிக்கொண்டே காலை ஒன்பது மணியானதும் வானத்தைப் பார்க்கலானேன். மூன்றாம் நாள் சரியாகப் பத்து மணிக்குப் பெய்தது. நான்காம் நாளும் பெய்தது.

அன்று மாலை ஊரிலிருந்து என் தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். எங்களூர் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். அங்கே ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்காக வானத்தை நோக்கிக் காத்திருப்பார்கள். கண்மாய் நிறைந்தால் சோறு; நிறையாவிட்டால் திருப்பூருக்கோ சென்னைக்கோ பயணம். “அங்கே மழையா, தம்பி?” என்று கேட்டார். “ஆமாம் அப்பா, நான்கு நாளாக விட்டுவிட்டுப் பெய்கிறது” என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. “அதுதான் இங்கே வெயில் கொளுத்துகிறது. ஈரத்தையெல்லாம் அது வடக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது” என்றார். அவர் கூறியது வானிலை நூலோருக்கும் உடன்பாடே. அக்டோபர் இருபதாம் தேதியை ஒட்டித் தமிழகத்தில் தொடங்க வேண்டிய வடகிழக்குப் பருவமழை, விரிகுடாவின் வடபகுதியில் தாழ்வு மண்டலமோ புயலோ நிலைகொண்டால் தள்ளிப் போகும். கீழ்த்திசைக் காற்று திசைமாறி அதனைச் சுற்றிச் சென்றுவிடும். முளைத்த பயிர் காய்ந்து நிற்க ஒரு வாரமே போதும்.

ஒரே கடல், ஒரே மேகம். பாயினாவுக்கு அது வேண்டாத மழை. என் தந்தையாருக்கு அது வந்து சேராத மழை. இருவரும் என்னிடமே அதனைப் பற்றிக் கேட்டனர். நானோ மேகத்துக்கு முன்பதிவு செய்யும் எழுத்தன் அல்லன்.

ஐந்தாம் நாள் கோபால்பூர்த் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. அக்டோபர் என்றாலே இக்கடற்கரை மக்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். 1999 அக்டோபர் 29ஆம் நாள் பாரதீப் அருகே கரையேறிய பெரும்புயல் ஏறத்தாழப் பதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2013 அக்டோபர் 12ஆம் நாள் ‘பைலின்’ புயல் கோபால்பூர் அருகில், எங்களுக்கு வெகு அண்மையில், மணிக்கு 200 கிலோமீட்டர் அளவான காற்றோடு கரையைக் கடந்தது. இவ்விரண்டுக்கும் இடையே மக்கள் பாடம் கற்றிருந்தனர்; பைலின் வருமுன்னர்ப் பத்து லட்சம் அளவில் மக்களை மேட்டுப் பகுதிகளுக்கும் புயற்காப்பகங்களுக்கும் அழைத்துச் சென்றமையால் உயிர்ச்சேதம் சில பத்துக்களோடு நின்றது. உயிரைக் காப்பாற்றலாம், நெல்லைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா என்று பாயினாவின் மனைவி கேட்டார். காளிஜாய் அம்மனின் கதையை என் பிள்ளைகளுக்குச் சொன்னவரும் அவரே. ஜாய் என்னும் புதுமணப்பெண்ணைப் புகுந்த வீட்டுக்குப் படகில் அழைத்துச் செல்லும்போது சூறைக்காற்றில் படகு கவிழ்ந்ததாம். எல்லோரும் பிழைக்க அவளை மட்டும் காணவில்லையாம். அவளே தீவில் தெய்வமானாளாம். மீனவர்கள் அவளை வணங்காமல் ஏரியில் தொலைதூரம் போவதில்லை.

அன்றிரவு இருப்புப்பாதைக் காவலர்கள் கைவிளக்கும் கொடியும் வெடிச்சிமிழும் எடுத்துக்கொண்டு மழையில் நடந்தார்கள். ஒருவர் தம் எல்லைவரை நடந்து சென்று, எதிரே வருபவரிடம் தம் குறிப்பேட்டைக் கொடுத்து, அவர் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இருவரும் பாதை முழுதையும் பார்த்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. நம்மவர்கள் போர்வைக்குள் உறங்கிக்கொண்டே இவ்விடத்தைக் கடக்க முடிகிறதென்றால், இப்படி நனைந்து நடப்பவர்களும் அதற்கு ஒரு காரணம்.

அஞ்சியது நடக்கவில்லை. ஆறாம் நாள் அத்தாழ்வு மண்டலம் புயலாக வலுக்காமலேயே வட ஆந்திரக் கரையில் ஏறித் தளர்ந்தது. எங்களுக்குக் கிடைத்தது அரைநாள் காற்றும் ஒரு பெருமழையும் மட்டுமே. ஏழாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வெயில் அடித்தது. ஏரியில் எங்கிருந்தோ ஒரு சக்கரவாகக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. குளிர்காலத்துப் பறவைகளில் அவ்வாண்டு நான் முதலில் கண்டவை அவையே.

எனக்கு அன்று ஓய்வுநாள். பாயினாவோடு அவர் வயலுக்குச் சென்றேன். மேட்டுப்பாத்தி நிமிர்ந்து நின்றது. பள்ளத்திலிருந்த பயிரில் பாதிக்குமேல் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த பயிரை நான்கு நான்கு தூராகச் சேர்த்து, அதன் ஓலையாலேயே கட்டி நிமிர்த்தினோம். குனிந்து குனிந்து நண்பகலுக்குள் என் இடுப்பு ஒடிந்து போயிற்று. அவர் கட்டியதில் கால்பங்குகூட நான் கட்டவில்லை. இடையிடையே அவர் ஒரு கதிரைப் பிடித்து மணியை நகத்தால் நசுக்கிப் பார்ப்பார். பால் வந்தால் அடுத்ததற்குப் போவார். வராவிட்டாலும் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்கே போவார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

மூன்று நாள் கழித்து என் தந்தையார் மறுபடி அழைத்தார். கண்மாய் மடையில் முதல் தண்ணீர் ஏறிவிட்டதாம். ஒரு முழம் இருக்குமாம். கீழ்ச்செய் இரண்டிலும் முளை கருகிவிட்டது, மறுபடி விதைக்க நெல் வேண்டும், பணம் அனுப்பு என்றார். அனுப்பினேன்.

பிறகு கார்த்திக மாதம் வந்தது. இங்குள்ளவர்கள் அம்மாதத்தில் மீனையும் இறைச்சியையும் விலக்கி நோன்பு நோற்பர். கடைசி ஐந்து நாளில் கொக்குகூட மீனைத் தொடாது என்பது இவர்கள் வழக்கு. மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் பெண்கள் வாசலெங்கும் அரிசிமாவுக் கோலமிட்டு, மாணா என்னும் பிரம்பு மரக்காலில் புதுநெல்லை நிரப்பி இலக்குமியை வழிபடுவார்கள். முதல் வியாழனன்று பாயினாவின் வீட்டுக்கு என் மனைவி கோலமிடப் போயிருந்தாள். திரும்பி வந்தவளிடம், மரக்காலில் இருந்தது அவர்கள் வயல் நெல்தானா என்று கேட்டேன். அவர்களுடையதுதான் என்றாள், மேட்டுப்பாத்தியில் விளைந்ததாம், பள்ளத்து நெல்லை இன்னும் தூற்றவில்லையாம்.