டயமண்ட் பிள்ளையும் சில்வர் பிள்ளையும்

 

போன கிழமை இடைவேளை நேரம் ஆண்டு 10 பிள்ளைகளுக்குள் ஒரு சண்டை. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"சேர், அவன் இன்னும் சில்வர்லதான் இருக்கான். டீமுல சேர்த்தா தோத்துருவோம், எங்க பாயிண்ட் போயிரும்."

ஃப்ரீ ஃபயர் விவகாரம். முன்பென்றால் போன் கேமைப் பற்றி நீண்ட உபதேசம் செய்திருப்பேன். இந்த முறை உட்கார்ந்து கேட்டேன். மிச்சத்தை வீட்டில் மகன் சொல்லித் தந்தார்.

50 பேர் இறங்கும் ஆட்டம். நாலு பேர் ஒரு அணி. பிரோன்ஸ், சில்வர், கோல்ட், பிளாட்டினம், டயமண்ட், ஹீரோயிக் என்றெல்லாம் படிகள், உச்சியில் கிராண்ட்மாஸ்டர். எத்தனையாவது இடத்தில் முடித்தாய், எத்தனை பேரைச் சுட்டாய் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் பாயிண்ட். புது சீசன் தொடங்கினால் ஏறிய படியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால் நிறைய நேரம் விளையாட முடிந்தவர்தான் மேலே நிற்பார்.

செஸ்ஸிலும் தரப் புள்ளி உண்டு. அர்பாட் ஏலோ என்ற பௌதிகவியலாளர் உருவாக்கிய முறையை உலக செஸ் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. அங்கே ஒருவருக்கு எதிரில் ஒருவர்தான்; வென்றாலும் தோற்றாலும் அவரவர் கணக்கு. நாலு பேர் சேர்ந்து வெல்லும் ஆட்டத்தில், யாரால் வென்றோம் என்பதை ஒரு படியின் பெயர் எப்படிச் சொல்லும்?

டயமண்ட் பிள்ளையின் வீடு டவுனில். சொந்தப் போன், வைஃபை. சில்வர் பிள்ளை மேல் டிவிஷன் லயத்தில் இருக்கிறான். உயர்தரம் படிக்கும் அக்காவுக்கும் அவனுக்கும் ஒரே போன். சிக்னல் வேண்டுமென்றால் கோயிலடிக்குப் போக வேண்டும். மழை வந்தால் ஆட்டம் பாதியில் அறுந்துவிடும், பாயிண்டும் போய்விடும்.

"சரி, நீங்க அடிபட்டு விழுந்தா யார் திரும்பி வந்து தூக்கிவிடுறது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு டயமண்ட் பிள்ளையே சொன்னான்: "அவன்தான் சேர்."

தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. நல்ல மலையில் நின்றால் கிலோ ஏறும்; கிழட்டுத் தேயிலையில் அதே கை எவ்வளவு ஓடினாலும் ஏறாது. தராசு கொழுந்தை மட்டும்தான் நிறுக்கும், எந்த மலையில் எடுத்தது என்று கேட்காது.

இதைச் சொல்லும்போதே எனக்கு உறுத்தியது. 2020இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது சிக்னல் தேடி மலை ஏறிய பிள்ளைகளையும், வீட்டில் வைஃபையோடு இருந்த பிள்ளைகளையும் பிறகு ஒரே பட்டியலில் போட்டு, முதலாம் பிள்ளை, முப்பதாம் பிள்ளை என்று வகுப்பில் சத்தமாக வாசித்தவன் நான்தான். இனி வாசிக்க மாட்டேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விளையாட நேரம் வையுங்கள், கட்டாயம் வையுங்கள். ஆனால் "எத்தனையாவது வந்த?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "யாரையாவது தூக்கிவிட்டியா?" என்றும் கேளுங்கள். ரிப்போர்ட் கார்ட்டைக் கையில் எடுக்கும்போதும் அப்படியே.

நேற்று அவர்கள் வந்து சொன்னார்கள்: "அவன சேர்த்துக்கிட்டோம் சேர். மழை வந்து சிக்னல் போயிருச்சு. தோத்துட்டோம்."

நாலு பேரும் சேர்ந்துதான் வந்து சொன்னார்கள்.