ரோசாவுக்கு ஊத்தின தண்ணி

2016 கடைசியில் வரவேண்டிய வடகீழ்ப் பருவமழை ஏமாத்திட்டுப் போனது. 2017 ஆடியில் வழக்கமான வறண்ட காத்தும் சேர்ந்துகொண்டது. ஊவா தேயிலைக்கு அந்தத் தனி வாசம் வருவதே இந்தக் காத்தாலதான். கொழும்பு ஏலத்தில் விலையை ஏத்துகிற அதே காத்துதான், அப்புத்தளையில் எங்கள் லயத்து வாசலில் போஞ்சிக் கொடியைக் காயவைத்தது.

பீலியில் தண்ணி நூல் மாதிரி விழுந்தது. வரிசையில் நின்று குடம் நிரப்பியது அக்காவும் தங்கச்சியுமான நாங்கள்தான். அதனால் சட்டமும் நாங்களே போட்டோம்: அரிசி கழுவின தண்ணி கோவாவுக்கு, முகம் கழுவினது போஞ்சிக்கு, ரோசாவுக்கு ஒண்ணுமில்லை.

"ரோசாவைத் திங்கவா முடியும்?" என்று கேட்டோம். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா பதில் பேசல. தன் குடிதண்ணியில் மிச்சம் வைத்து, இருட்டினதும் ஊத்தினாங்க. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

ஐப்பசியில் மழை வந்தபோது போஞ்சி இல்லை, கோவாவில் பாதிதான் மிச்சம். ரோசா துளிர்த்திருந்தது.

லயமும் வாசல் மண்ணும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். அம்மா நாளெல்லாம் பறிக்கிற கொழுந்தும் அப்படித்தான். அந்த ரோசா மட்டும் அம்மாவோடது. கெம்பஸ் வந்த பிறகுதான் எங்களுக்கு இது உறைத்தது. இப்போது லீவுக்குப் போனால், முதல் குடம் அதுக்குத்தான்.