அளவு போடுபவன்

சாத்தூரிற் பிறந்தோர்க்கு அளவின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. என் தந்தையார் தீப்பெட்டித் தொழிற்சாலையில் மருந்து கலக்கும் வேலையில் முப்பதாண்டு இருந்தவர். நிறுவையில் இம்மியும் பிசகாதவர்.

சென்ற கோடை விடுமுறையில் என் தம்பி, தனது டர்போ பொருத்திய பெட்ரோல் காருக்கு வேறு எஞ்சின் கணினி வாங்கப்போவதாகச் சொன்னான். வழிகள் மூன்று: உள்ள கணினியின் கணக்கையே திருத்தி எழுதுவது, அதனோடு ஒரு சிறு பெட்டியை இணைத்து, உணரிகள் தரும் செய்தியை மாற்றியனுப்புவது, அதனை நீக்கிப் புதிய கணினியை அமைப்பது. விலை மிக்க மூன்றாவதையே அவன் விரும்பினான்.

“அந்தப் பெட்டி என்னதான் செய்யும்?” என்றார் தந்தையார். நான் விளக்கினேன்: பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போ காற்றை நெருக்கித் தள்ளுங்கால், வெப்பம் மிகாதிருக்கப் பெட்ரோலைச் சற்றுக் கூட்டிப் பொறியின் நேரத்தையும் பின்தள்ளுவர். இவை பிசகின், பொறி மூட்டிய தீ வந்து சேருமுன் எஞ்சிய கலவை தானே வெடிக்கும்; பிஸ்டனும் உடையும். புதிய கணினியோ வெற்றேடு போன்றது. ஒவ்வோர் எண்ணையும் நாமே இடவேண்டும்.

“அப்படியானால் இதுவும் மருந்து கலக்கும் வேலைதான். விலையைப் பிறகு கேட்கலாமப்பா. அளவு போடுபவன் யார், எதைக் கொண்டு சரிபார்ப்பான், அதை முதலிற் கேள்.”

கணக்கு எழுதுபவர் வண்டியைக் காணாமலே தொலைவிலிருந்து அனுப்பிவைப்பார் என்பது அப்போதுதான் வெளியாயிற்று. நாள்தோறும் கோவில்பட்டிக்கு அலுவல் சென்றுவரும் வண்டிக்குப் பழைய கணினியே இருக்கட்டுமெனத் தம்பி துணிந்தான். வேண்டுமாயின், கலவையை அளந்து, உருளைமேல் ஓட்டிச் சோதிக்கும் பட்டறையொன்றில் அதனையே சிறிது திருத்திக்கொள்வதாக முடிவு.

கல்லூரியிற் பயின்ற எனக்குத் தோன்றாத அக்கேள்வியை, மருந்துக் கூடம் என் தந்தையார்க்குக் கற்பித்திருந்தது.