பச்சைக்குதிரை



நேற்று பேத்தி பழைய லண்டன் கேலிச்சித்திரம் ஒன்றைக் காட்டினாள். தாமஸ் ரோலண்ட்சன் வரைந்தது. பெரிய நடிகர் ஜான் கெம்பிள் குனிந்து நிற்க, அவர் முதுகைப் பச்சைக்குதிரை தாண்டுகிறான் மாஸ்டர் பெட்டி என்ற சிறுவன். 1804-ல், 13 வயதில் லண்டன் மேடையேறிய அவனைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்ததாம். சில வருடங்களில் மோகம் தீர்ந்தது. வளர்ந்து திரும்பி வந்தவனுக்குப் பழைய வரவேற்பு இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பள்ளி ஆண்டுவிழாவில் ஒரே பையனுக்குத்தான் வருஷா வருஷம் கட்டபொம்மன் வேஷம் கொடுத்தேன். குரல் உடைந்ததும், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வேறொருவனை அழைத்தேன். மறுநாள் கரும்பலகையில் யாரோ அவனைக் கேலியாக வரைந்திருந்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் உன் சாரை மன்னித்துவிடு.