எந்த மதகில் நின்றது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் கேட்டபோது, "எதைப் பற்றி?" என்றேன். "உனக்குத் தெரிந்ததைப் பற்றி" என்றார். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். தெரியாமல் செய்தது அதிகம். சென்ற ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை இரவொன்றில் நான் செய்த காரியத்தையும் அதன்பின் வந்த இரண்டு நாட்களையும் எழுதுகிறேன். சிரிக்க விரும்பும் நண்பர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

என் ஊர் தரங்கம்பாடி. அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கணினி அறிவியலில் சேர்ந்த நாள் முதலாக எங்கள் தெருவில் கைபேசிக்குச் சிம் போடுவதிலிருந்து தொலைக்காட்சியில் படம் தெரியாதது வரை எல்லாம் என் பொறுப்பாகிவிட்டன. "கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளதானே, பாரு" என்பார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கம். ஏதாவது ஒரு கம்பியைப் பிடுங்கி மறுபடியும் செருகுவேன். பாதி நேரம் அதுவே சரியாகிவிடும். இந்தப் புகழ்தான் என்னைக் கெடுத்தது.

எங்கள் வீட்டு மடிக்கணினி என்னுடையதன்று, அக்காளுடையது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், 50 இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவர்களுக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று. அக்காள் 2018-இல் பிளஸ் டூ முடித்தாள். மடிக்கணினி 2019-இல் கைக்கு வந்தது. அப்போது அவள் பொறையாறில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து மாதங்கள் பல ஆகியிருந்தன. பிளஸ் டூவில் அவள் வாங்கிய மதிப்பெண் என்னுடையதைவிட அதிகம். இதை நான் வீட்டில் சொல்வதில்லை. இங்கே அச்சில் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். எங்கள் வீட்டில் அது என் பெயரில் இருக்கிறது.

கருவி வந்துவிடும், அதை ஓட்டத் தெரிந்தவர் வரமாட்டார் என்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. சீகன்பால்குவுக்கு 1711-இல் இங்கிலாந்திலிருந்து அச்சு எந்திரம் அனுப்பினார்கள். அதனோடு புறப்பட்ட அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்து போனார். எந்திரம் மட்டும் வந்து இறங்கியது. பிறகு இங்கிருந்த படைவீரர்களுள் அச்சு வேலை அறிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து ஓட்டினார்களாம். அக்காளுக்கு அப்படி யாரும் அகப்படவில்லை. கடை விட்டு வந்து, இரவில் தானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள். எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவில் பன்னிரண்டு பேர். அவர்களுடைய சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் அதில் கணக்காக ஏற்றி வைத்திருந்தாள்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, விண்டோஸ் மிக மெதுவாக ஓடுகிறதென்று மூத்த மாணவர் ஒருவர் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன் 12-ஐப் போட்டுத் தந்தார். பழைய எந்திரத்திற்குப் புது மூச்சு வந்தது. ஒரு குறையும் இல்லை. 2025 ஆகஸ்ட் 9-இல் டெபியன் 13 வெளிவந்தது. வகுப்பில் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு வந்து காட்டினான். பன்னிரண்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பதின்மூன்று எதற்கு என்று கேட்டால் என்னிடம் அன்றும் விடை இல்லை, இன்றும் இல்லை. அவன் காட்டினான், நானும் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அக்காளிடம் கேட்கவில்லை. எல்லாரும் உறங்கிய பிறகு கைபேசியின் இணையத்தைப் பகிர்ந்து வேலையைத் தொடங்கினேன். வெளியே மழை. அந்த மடிக்கணினியின் பாட்டரி செத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சுவரில் செருகியிருந்தால்தான் உயிர். இதுவும் எனக்குத் தெரியும். பொட்டலங்கள் எல்லாம் இறங்கி முடிந்து ஒவ்வொன்றாக அமர்ந்துகொண்டிருந்தன. வரிகள் மேலே ஓடுவதைப் பெரிய விஞ்ஞானி போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பாக மின்சாரம் நின்றது.

மின்சாரம் திரும்பியதும் பொத்தானை அழுத்தினேன். நிறுவனத்தின் சின்னம் வந்தது. தேர்வுப் பட்டியல் ஒன்று வந்து ஐந்து விநாடி நின்றது. பிறகு வெள்ளை எழுத்துகள் சடசடவென்று ஓடி, கடைசியில் 'கெர்னல் பேனிக்' என்று சொல்லி உறைந்துவிட்டன. வேர்ப் பகுதியைத் திறக்க முடியவில்லை என்பது அந்த வரியின் பொருள். எனக்கு அப்போது தெரிந்தது பேனிக் என்ற சொல் ஒன்றுதான். அதை நான் முழுமையாகக் கடைப்பிடித்தேன். பத்துப் பதினைந்து முறை அணைத்து அணைத்துப் போட்டேன்.

ஞாயிறு காலை, வலை சரிசெய்துகொண்டிருந்த அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, ஸ்டார்ட் ஆவலையா? ஏர் புடிச்சிருக்கும்" என்றார். படகின் டீசல் எஞ்சின் கிளம்பாவிட்டால் அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். எரிச்சலோடு எழுந்து போய்விட்டேன்.

பக்கத்து ஊரில் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார். "ஓ.எஸ். போயிருச்சு தம்பி. ஃபார்மட் அடிச்சுப் புதுசா போட்டுத் தர்றேன். சாயங்காலம் வாங்க. உள்ள இருக்கறது வராது" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. வரிசையாக எந்திரங்கள் காத்திருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நோய் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியுமா? துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது விரைவான வழி. எப்போதும் பலிக்கிற வழியும்கூட. கேட்டுவிட்டு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

அக்காளிடம் சொன்னபோது கணக்குப் போயிற்றே என்று கத்துவாள் என எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. "கணக்கு நோட்டுல இருக்குடா, திரும்ப ஏத்திக்கலாம். பாட்டி படம்?" என்றாள்.

இதை வெளியூர் நண்பர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-க்கு முந்திய புகைப்படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அன்று அலை எங்கள் வீட்டையும் பாட்டியையும் கொண்டு போயிற்று. நான் அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தவன். அப்பா அம்மா திருமணப் படம் ஒன்று வெளியூர் அத்தை வீட்டில் இருந்தது; அதில் ஓரத்தில் பாட்டி நிற்கிறார். அக்காள் அதை வாங்கி வந்து ஸ்கேன் செய்து வைத்தாள். அத்தை வீட்டுப் படம் பிறகு பூஞ்சை பிடித்து அழிந்தது. அக்காளின் கைபேசியில் இருந்த படி அந்தக் கைபேசியோடு போயிற்று. எஞ்சியது இந்த மடிக்கணினியில் இருந்தது மட்டும். ஒருமுறை முற்றாகத் துடைக்கப்பட்ட வீடு எங்களுடையது. ஃபார்மட் என்ற சொல்லை அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

திங்கட்கிழமை மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் வந்தேன். எங்கள் துறைப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, "ஓ.எஸ். போய்விட்டது சார்" என்றேன். அவர் எந்திரத்தைத் தொடவே இல்லை. "போய்விட்டது என்று யார் சொன்னது? எந்த இடத்தில் நின்றது, அதைச் சொல்" என்றார். விழித்தேன். அவர் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். "கடைமடையில் உன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. உடனே மேட்டூர் அணை உடைந்துவிட்டது என்பாயா? வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே நடப்பாயா? எந்த மதகு வரை தண்ணீர் நிற்கிறது என்று பார். அடைப்பு அதற்குக் கீழேதான்" என்றார்.

பிறகு கரும்பலகைக்கு என்னை அனுப்பி, அவர் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள ஃபர்ம்வேர். பழைய எந்திரங்களில் அதன் பெயர் பயாஸ், இப்போதையவற்றில் யூ.இ.எஃப்.ஐ. நினைவகமும் வட்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அது பூட்லோடரிடம் வேலையை ஒப்படைக்கிறது; டெபியனில் அதற்குக் கிரப் என்று பெயர். கிரப் இரண்டு கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுகிறது: ஒன்று கெர்னல், மற்றொன்று இனிட்ராம்எஃப்எஸ். இந்த இரண்டாவது ஒரு சாவிக்கொத்து போன்றது. வட்டைத் திறப்பதற்கு வேண்டிய இயக்கிகள் அதற்குள் இருக்கின்றன. அதைக் கொண்டு கெர்னல் வேர்ப் பகுதியைத் திறந்தால்தான் மற்ற சேவைகள் கிளம்பி, நாம் கடவுச்சொல் இடும் திரை வரும்.

"இப்போது சொல். விளக்கே எரியவில்லையா?" எரிந்தது. எரியாவிட்டால் மின்சாரத்தையும் நினைவகத்தையும் பார்க்க வேண்டும். "சின்னம் வந்ததா?" வந்தது. "பூட் செய்யச் சாதனம் இல்லை என்றதா?" இல்லை. சொல்லியிருந்தால் வட்டிலோ பூட் வரிசையிலோ கோளாறு. "கிரப் ரெஸ்க்யூ என்று நின்றதா?" இல்லை; நின்றிருந்தால் கிரப் தன் கோப்புகளைத் தொலைத்திருக்கிறது. "பட்டியல் வந்ததா?" வந்தது. "கெர்னல் ஓடியதா?" ஓடியது, வேர்ப் பகுதியைத் திறக்க முடியாமல் நின்றது. சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே புரிந்துவிட்டது. மின்சாரம் நின்றபோது புதிய 6.12 கெர்னல் வட்டில் வந்து அமர்ந்திருந்தது. கிரப்பும் அதைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதற்குரிய சாவிக்கொத்து மட்டும் உருவாகவில்லை. ஆள் வந்துவிட்டான், சாவி வரவில்லை. வீட்டு வாசலில் நின்று அலறுகிறான். வீட்டுக்குள் ஒன்றும் ஆகவில்லை.

பாட்டி படம் அந்த இரண்டு நாளும் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. அதற்கு வந்த ஒரே ஆபத்து கடைக்காரரின் மேசை வரை நான் கொண்டு போனதுதான்.

ஆனாலும் பேராசிரியர் உடனே பழுதுபார்க்க விடவில்லை. முதலில் பொருளை வெளியே எடு, பிறகு வீட்டைச் சரிசெய் என்றார். ஆய்வகத்தில் இருந்த லைவ் பென் டிரைவிலிருந்து மடிக்கணினியைக் கிளப்பினோம். இவ்வகைப் பென் டிரைவில் முழு இயங்குதளமும் இருப்பதால் உள்ளே உள்ள வட்டின் தயவு தேவையில்லை. வட்டை எழுத முடியாமல் படிக்க மட்டும் திறந்தோம். 'அம்மா கல்யாணம்' என்ற கோப்பு இருந்தது. திறந்து பார்த்தேன். அதையும் கணக்குகளையும் வேறொரு பென் டிரைவுக்கு மாற்றி, அங்கேயும் திறந்து பார்த்த பிறகுதான் எனக்குப் பசித்தது.

மற்றது எளிது. கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. ஐந்து விநாடிக்குள் அம்பு விசையை அழுத்தி அதற்குள் போனால், பழைய 6.1 கெர்னல் தன் சாவிக்கொத்தோடு காத்திருந்தது! மூன்று நாளாக என் கண்முன் ஓடிய வரி அது. நான் ஒருமுறைகூடப் படிக்கவில்லை. படத்திரை வரவில்லை, எழுத்துத் திரை வந்தது. அது போதும். பாதியில் நின்ற நிறுவலைத் தொடரும் கட்டளையைக் கொடுத்தோம். பொட்டலங்கள் எல்லாம் முன்பே இறங்கியிருந்ததால் இணையம் பெரிதாகத் தேவைப்படவில்லை. கடைசியில் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கி, கிரப் பட்டியலையும் புதுப்பித்தோம். ஏறத்தாழ ஒரு மணி நேரம். இம்முறை யூ.பி.எஸ். இணைப்பில் செருகியிருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காத்திருக்கும்போது பேராசிரியர் 2024 ஜூலை 19-ஆம் நாளை நினைவூட்டினார். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பு ஒன்றால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் அதற்கு மருந்து என்ன? ஒருவர் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்கியதுதான். யாரும் 85 இலட்சத்தையும் துடைத்துப் போடவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அக்காள் படத்தைத் திறந்து சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "இனிமே என்கிட்ட கேக்காம கை வெச்சே, கைய ஒடிச்சிருவேன்" என்றாள். அடுத்து, "அந்த போர்டுல என்ன எழுதினீங்க, சொல்லு" என்று குழுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். சொன்னேன், எழுதிக்கொண்டாள். வாசல் திண்ணையில் இருந்த அப்பா, "நான் அப்பவே சொன்னேன்ல, ஏர்னு" என்றார். இம்முறை நான் மறுக்கவில்லை.

தை மாதத்தில் அடுத்த தெருப் பெண் ஒருத்தி தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏதோ அப்டேட் ஆனதிலிருந்து திறக்கவில்லையாம். தம்பி இருக்கிறதா என்று கேட்டாள். நான் எழுந்து வருவதற்குள் அக்காள் அதை வாங்கி மடியில் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு, கணக்கு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"லோகோ வருதா, பாரு" என்றாள்.