வலி திரும்பி வந்தால்...



நாரி நோவு பற்றி நம்மில் பலருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முள்ளந்தண்டில் சத்திர சிகிச்சை செய்து, “அல்ஹம்துலில்லாஹ், இனிச் சுகம்” என்று இருக்கும்போது அதே வலி திரும்பினால் மனம் எப்படி உடையும் என்பதை நான் அனுபவித்தவள்.

விலகிய இடைத்தட்டை அகற்றி இரண்டு வருடத்தில் எனக்கு வலி மறுபடி வந்தது. “இன்னொருக்கா வெட்டினாச் சரியாகும் புள்ள” என்றார் மாமி. “இனிக் கத்தியே வேணாம், பரிசாரிக்கிட்ட எண்ணெய் போடு” என்றார் ராத்தா. இரண்டுக்கும் நடுவில் நான் தவித்தேன்.

வைத்திய நிபுணரின் முதற் கேள்வி, “வலி முதுகிலா, காலிலா?” என்பதுதான். காரணம் தெரியாமல் கத்தி வைக்கக்கூடாது என்றார். இச்சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு அதே தட்டு மீண்டும் பிதுங்கலாம். அப்போது வலி காலுக்குள் பாயும். நரம்பு நசிபடுவது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்து, மருந்துக்கும் பயிற்சிக்கும் அடங்காவிட்டால், இரண்டாவது சத்திர சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் பழைய காயத்தின் தழும்பு நரம்பைச் சுற்றியிருந்தால், வெட்ட வெட்டப் புதுத் தழும்பே வளரும். ஒவ்வொரு தடவையும் சுகம் கிடைக்கும் வாய்ப்புக் குறைகிறது. இரண்டையும் பிரித்தறிய, நாளத்தில் மருந்து ஏற்றிப் படம் எடுக்கிறார்கள்.

என் படத்தில் தெரிந்தது தழும்பு. எனவே சத்திர சிகிச்சை இல்லை. இயன்மருத்துவப் பயிற்சியும் நடையும் மாத்திரைகளும்தான். குந்தியிருந்து திருவலையில் தேங்காய் திருவுவதையும், தண்ணீர் வாளி தூக்குவதையும் பிள்ளைகள் பொறுப்பேற்றார்கள். வலி முற்றாகப் போகவில்லை. ஆனாலும் சமைக்கிறேன், நடக்கிறேன். நின்று தொழ இயலாதவர் இருந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. கதிரையில் அமர்ந்து தொழுவதை எண்ணி எந்தச் சகோதரியும் வெட்கப்படத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடைகளின் இடுக்கு மரத்துப்போனாலோ, கால் சோர்ந்து விழுந்தாலோ வெட்கத்தில் மறைக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

மற்றப்படி அவசரம் வேண்டாம். “இந்த வலிக்குக் காரணம் என்ன? வெட்டினால் எந்த வலி குறையும்? வெட்டாவிட்டால் என்ன நடக்கும்?” இம்மூன்றையும் கேட்டு, தேவையானால் இன்னொரு நிபுணரிடமும் காட்டி, இஸ்திகாரா செய்து முடிவெடுங்கள். சுகத்தைத் தருபவன் அல்லாஹ். அவன் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.